ஓடுபாதையின் மறுமுனை

கிழக்குத் திசையிலிருந்து வந்து கட்டுநாயக்கவில் இறங்கப்போகும் பயணிகள் விமானம் ஒன்று 36,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தால், ஏறக்குறைய மட்டக்களப்புக்கு மேலே வரும்போதே அது இறக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் தேவை என்பது விமானிகள் மனக்கணக்காகப் போடும் பழைய விதி. 36,000 அடிக்கு 108 கடல் மைல், அதாவது சுமார் 200 கிலோமீற்றர். மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தூரம். சக்கரம் எந்த இடத்தில் தரையைத் தொட வேண்டுமோ அந்த இடத்தை முதலில் மனதில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் விமானி இறங்குகிறார். பிள்ளையை வெளிநாட்டுக்கு விமானிப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் குடும்பமும் இப்படித்தான் எண்ண வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. முதலில் நாடு முடிவாகிறது, அங்கே மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறார் என்பதால். பிறகு ஏஜென்சிக்காரர் ஒரு பள்ளியின் பெயரைச் சொல்கிறார். பிறகு காணியை விற்க ஆள் தேடுகிறார்கள். கண் பரிசோதனையும், கிடைக்கப்போகும் உரிமத்தை வைத்து எங்கே வேலை செய்யலாம் என்ற கேள்வியும் கடைசியில் வருகின்றன. சில வேளை காசு முழுவதும் போன பிறகு வருகின்றன.

மட்டக்களப்பின் திமிலைதீவில், வாவி நீருக்கு நடுவே, 1958 முதல் நமக்கு ஓர் ஓடுபாதை இருக்கிறது. எயார் சிலோன் விமானங்கள் அங்கே வந்துபோன காலம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் அது விமானப்படையின் தளமாகி, 2018 மார்ச்சில்தான் மீண்டும் சிவில் விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. புதூரிலும் வலையிறவிலும் வளரும் பிள்ளைகள் சிறிய விமானங்கள் தாழப் பறந்து இறங்குவதை அண்ணாந்து பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் சிவில் விமானிகளைப் பயிற்றும் பள்ளிகள் இரத்மலானையை மையமாகக் கொண்டே இயங்குகின்றன. பக்கத்து மாவட்டத்துச் சீனக்குடாவில் நடப்பது விமானப்படையின் பயிற்சி. எப்படியும் வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும், போகிறதை வெளிநாட்டுக்கே போய்விடலாமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. அது தவறான எண்ணமும் இல்லை. அமெரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பயிற்சி விமானங்கள் அதிகம், சிறிய ஓடுபாதைகள் அதிகம், முறையாக நடந்தால் பயிற்சி சீக்கிரம் முடியும். ஆனால் தொகையைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து இரட்டை எஞ்சின் தகுதியோடு கூடிய வணிக விமானி உரிமம் வரை முடிக்க, தங்குமிடச் செலவோடு 80,000 முதல் ஒரு லட்சம் டொலர் வரை போவது வழமை. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே இரண்டு கோடியே நாற்பது லட்சத்திலிருந்து மூன்று கோடி. எயார்பஸ் அல்லது போயிங் விமானம் ஒன்றை ஓட்டுவதற்கான தனித்தகுதிப் பயிற்சி இதற்கு மேலே. படுவான்கரையில் ஒரு போடியாரின் வயலையே விழுங்கிவிடக்கூடிய தொகை இது. வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கே போகும் நம் வழக்கத்தில், அண்ணனின் பயிற்சிக்காக விற்கப்படும் வளவு பல வேளைகளில் தங்கையின் சீதனம். இவ்வளவு பெரிய பந்தயத்தைப் பள்ளியின் விளம்பரப் புத்தகத்திலிருந்து தொடங்கக்கூடாது.

பின்னோக்கி எண்ணத் தொடங்கினால் முதலில் வருவது உரிமம். விமானி உரிமம் உலகம் முழுவதும் செல்லும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அது பாதி உண்மை. 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் முதலாவது இணைப்பு, உரிமங்களுக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கிறது. வணிக விமானிக்கு 200 மணி நேரப் பறப்பு, அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150 மணி நேரம். இது அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி சுவர் எழுப்பிக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒரு வகை அங்கீகாரமுள்ள பள்ளியில் 190 மணி நேரத்தில் வணிக உரிமம் எடுத்துவிடலாம். மற்ற வழியில் போனால் 250 மணி நேரம். இந்தியா கேட்பது 200. ஆகவே 190 மணி நேரத்தோடு மகிழ்ச்சியாகத் திரும்பும் ஒருவர் இந்தியாவில் அதை மாற்றிக்கொள்ளப் போனால் பத்து மணி நேரம் குறைகிறது. விமானச் சட்டமும், வழிநடத்தலும் வானிலையும் சேர்ந்த தாளும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தை அங்கே இருக்கும்போதே பறந்து முடித்திருந்தால் வேலை சுலபம். திரும்பி வந்த பின் அதற்காக ஒரு பள்ளியைத் தேடிச் சேர்வது வேறு கதை. பிரிட்டனைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே எடுத்த உரிமம் ஐரோப்பா முழுவதற்கும் செல்லும். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையிலிருந்து விலகிவிட்டதால், இரண்டும் இன்று வெவ்வேறு உரிமங்கள். லண்டனில் படித்தால் பாரிசிலும் பறக்கலாம் என்று இன்றும் சொல்லும் உறவினர் பழைய உலகத்தைச் சொல்கிறார்.

உரிமத்துக்குப் பின்னால் நிற்கும் அதிகாரத்தின் பெயரும் எடை போடப்படுகிறது. 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத்துறை அமைச்சர், தங்கள் நாட்டு விமானிகள் 860 பேரில் 262 பேரின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று பாராளுமன்றத்திலேயே அறிவித்தார். அடுத்த மாதமே ஐரோப்பா பாகிஸ்தான் சர்வதேச விமான சேவையை நிறுத்தியது. அந்தத் தடை நீங்க 2024 நவம்பர் வரை ஆனது. நேர்மையாகப் படித்துப் பரீட்சை எழுதிய பாகிஸ்தான் விமானிகளும் வேறு நாடுகளில் தங்கள் உரிமத்தை உறுதிப்படுத்திக் காட்டும்படி நிறுத்திவைக்கப்பட்டார்கள். ஆகவே பள்ளி எது என்று கேட்பதற்கு முன், எந்த நாட்டின் முத்திரை அந்தத் தாளில் விழப்போகிறது, அதை இலங்கை சிவில் விமான சேவை அதிகார சபை எந்த நிபந்தனைகளோடு ஏற்கும் என்று கேட்க வேண்டும். எந்தப் பரீட்சைகள், எத்தனை மணி நேரம், என்ன பறப்புச் சோதனை என்று அந்தச் சபைக்கே எழுதி, பதிலை எழுத்திலே வாங்கி வைத்துக்கொள்வதற்கு ஒரு கடிதத்தின் செலவுதான். படித்த நாட்டிலேயே வேலை கிடைத்துவிடும், இங்கே மாற்றத் தேவையே இல்லை என்பவர்கள் வீசாவின் பெயரை வாசிக்க வேண்டும். அமெரிக்கப் பறத்தல் பள்ளிகள் பலவும் மாணவர்களை அழைப்பது தொழிற்பயிற்சிக்கான எம்-1 வீசாவில். படிக்கும் காலத்தில் வேலை செய்ய அது இடம் கொடுப்பதில்லை. அங்கே பெரிய விமான நிறுவனமொன்றில் துணை விமானியாக அமரவே பொதுவாக 1,500 மணி நேரம் கேட்கப்படுகிறது. 200 மணி நேரத்தோடு நிற்கும் வெளிநாட்டு மாணவருக்குக் கதவு அங்கே திறந்திருக்கிறது என்று சொல்வது பொய்.

இரண்டாவது படி உடம்பு. வணிக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். அதிகார சபை அங்கீகரித்த மருத்துவர் இதயத் துடிப்பின் வரைபடம் எடுப்பார், காது பார்ப்பார், இரத்தமும் சிறுநீரும் பார்ப்பார், கண்ணை நீண்ட நேரம் பார்ப்பார். கண்ணாடி போடுவது பெரும்பாலும் தடையில்லை. பல கனவுகள் முடிந்துபோவது இஷிஹாரா என்ற ஒரு சிறிய புத்தகத்தில். ஒவ்வொரு பக்கத்திலும் வண்ணப் புள்ளிகளால் நிறைந்த வட்டம். சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரிகிற கண்ணுக்கு அந்தப் புள்ளிகளுக்குள் ஓர் எண் தெரியும், பிரிந்து தெரியாத கண்ணுக்கு வேறோர் எண்ணோ வெறும் புள்ளிகளோதான் தெரியும். அடுத்த கட்டச் சோதனைகள் உண்டு என்றாலும் அவற்றில் தேறுவது நிச்சயமில்லை. நிறப் பார்வைக் குறைபாடு பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம், அது உள்ள பிள்ளைக்கே தெரியாமல் இருபது வயது வரை வரக்கூடியது. அந்தப் புத்தகத்தைப் புரட்டச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களைக் காணி விற்பதற்கு முன்னர் ஒதுக்குவதா, பின்னர் ஒதுக்குவதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது படி ஆங்கிலம். அதை நம் பிள்ளைகள் குறைத்து மதிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பயப்படுகிறார்கள், அதனால் தள்ளிப்போடுகிறார்கள். சர்வதேச விதி ஆங்கிலத் திறனின் ஆறு படிகளில் குறைந்தது நான்காம் படியைக் கேட்கிறது. இலக்கணப் பரீட்சையில் எடுக்கும் புள்ளி இதற்கு உதவாது. இரைச்சலோடு வரும் வானொலிக் குரலைக் கேட்டு, கட்டளையைத் திருப்பிச் சொல்லி, எதிர்பாராதது நடந்தால் அதைத் தெளிவாக விளக்கத் தெரிய வேண்டும். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்ததற்குப் பனிமூட்டத்தோடு, விமானியும் கோபுரமும் பரிமாறிக்கொண்ட தெளிவற்ற வார்த்தைகளும் காரணம். அதன் பின்னரே வானொலிச் சொற்கள் இவ்வளவு இறுக்கமாக வரையறுக்கப்பட்டன. மாணவரின் மடியில் இதன் விலை வேறு விதமாக விழுகிறது. கோபுரம் சொல்வது புரியவில்லையென்றால் பயிற்றுநர் தனியாகப் பறக்க அனுமதிக்க மாட்டார். அதே பாடம் மறுபடியும் நடக்கும், மணிக்கு 200 டொலருக்கு மேல் ஏறும். உயர்தரப் பரீட்சைக்கும் புறப்படும் நாளுக்கும் இடையிலுள்ள மாதங்களில், உலகின் விமான நிலையங்களது வானொலி உரையாடலைக் கைத்தொலைபேசியில் நாள்தோறும் கேட்டுப் பழகினால் ஒரு ரூபாயும் செலவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பள்ளி. ஒரு பள்ளியிடம் நாம் உண்மையில் வாங்குவது பறக்கும் மணி நேரத்தை. விளம்பரத்தில் பன்னிரண்டு மாதம் என்று போட்டிருப்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க ஒரு சிறு கணக்குப் போதும். பத்து விமானங்கள் உள்ள பள்ளியில் எந்த நாளிலும் இரண்டு பராமரிப்பில் நிற்கும் என்று வைப்போம். மீதி எட்டும் மாதம் அறுபது மணி நேரம் பறந்தால் மொத்தம் 480 மணி நேரம். மாணவர்கள் நாற்பது பேரென்றால் ஆளுக்கு மாதம் 12 மணி நேரம். 200 மணி நேரத்தை எட்டப் பதினேழு மாதம். அதே பத்து விமானங்களுக்கு நூறு மாணவர்களைச் சேர்த்திருந்தால் ஆளுக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை. பயிற்சி மூன்றரை வருடத்தைத் தொடும். அறை வாடகையும் சாப்பாடும் அந்த மூன்றரை வருடமும் ஓடும். இதைவிடக் கொடியது, பத்து நாளைக்கு ஒருமுறை பறப்பவர் போன முறை கற்றதில் பாதியை மறந்து திரும்புவது. ஆகவே எத்தனை விமானங்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. இன்று காலையில் எத்தனை பறக்கும் நிலையில் இருக்கின்றன, எத்தனை மாணவர்கள் பதிவில் இருக்கிறார்கள், கடைசியாக உரிமம் எடுத்த பத்துப் பேர் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடித்தார்கள் என்று கேட்க வேண்டும். பிந்தியதற்குக் காரணம் மாணவர்களின் சோம்பல் என்று பள்ளி சொன்னால், பத்துப் பேரும் சோம்பேறிகளா என்று கேட்கலாம். இந்தக் கேள்விகளை ஒழுங்குமுறை அதிகாரிகளே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 அக்டோபரில் முதல் தடவையாகத் தன் நாட்டுப் பறத்தல் பள்ளிகளுக்குத் தரம் போட்டது. 35 பள்ளிகளில் ஒன்றுகூட மேலிரண்டு தரங்களுக்குள் வரவில்லை. 13 பள்ளிகளுக்கு பி, 22 பள்ளிகளுக்குக் கடைசித் தரமான சி. விளம்பரத்தில் எந்தப் பள்ளியும் தன்னைக் கடைசித் தரம் என்று எழுதியிருக்காது.

பயிற்றுநர்களைப் பற்றிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கோ அது விமானங்களின் எண்ணிக்கையைவிடப் பெரியதாகப் படுகிறது. 2009 இல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த விமான விபத்துக்குப் பிறகு, 2013 முதல் அமெரிக்கா தன் விமான நிறுவனங்களின் துணை விமானிகளுக்கும் 1,500 மணி நேரத்தைக் கட்டாயமாக்கியது. அந்த மணிகளைச் சேர்க்க இளம் விமானிகளுக்கு இருக்கும் எளிய வழி பயிற்றுநராவது. அதாவது உங்கள் பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரே அடுத்த வேலைக்காக மணி எண்ணிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை, அவர்களில் பலர் மிக நல்ல ஆசிரியர்கள். ஆனால் விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும் காலத்தில் அவர்கள் கூட்டமாகப் போய்விடுகிறார்கள். புதிதாக வருபவர் மாணவரின் திறமையைத் தானே ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனைக்கும் மீட்டர் ஓடுகிறது. ஓர் ஆண்டுக்குள் மூன்று பயிற்றுநர் மாறிய மாணவர் எத்தனை மணி நேரத்தை அப்படிக் கொடுத்தார் என்பதை அந்த மாணவரிடமே கேட்டு அறியலாம். பள்ளியின் பழைய மாணவர்களில் பள்ளி கைகாட்டாத இருவரையாவது தேடிப் பிடித்துப் பேச வேண்டும் என்பது இதனால்தான்.

வானிலையை நாம் கேட்கத் தெரிந்தவர்கள். வாடை எப்போது தொடங்கும், கச்சான் எப்போது சுடும், சோழகம் வீசும்போது தோணியை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று வாவிக்கரை மீனவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் பள்ளி தேடும்போது வருடத்தில் 300 நாள் வெயில் என்ற ஒரு வரியில் மயங்கிவிடுகிறோம். புளோரிடாவில் கோடையில் பிற்பகல் இடிமழை வழமை. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அரிசோனாவில் வானம் தெளிவு, ஆனால் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது காற்று அடர்த்தி இழந்து சிறிய விமானம் மேலெழத் திணறும், காலை நேரம் மட்டுமே மிஞ்சும். பிலிப்பைன்ஸில் புயற்காலம், இங்கிலாந்தில் குளிர்காலத்துத் தாழ்மேகம். இவற்றுக்காக ஒரு நாட்டை ஒதுக்கத் தேவையில்லை. சென்ற வருடம் மாதவாரியாகப் பள்ளி பறந்த மணி நேரத்தைக் கேட்டால், இடியும் புயலும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் பள்ளியை நேரில் பார்க்க ஒருவருக்கு முடிந்தால், அங்கே வாழும் உறவினரையாவது அனுப்ப முடிந்தால், அலுவலக மேசையில் நேரத்தைக் கழிக்காமல் காலையில் விமானங்கள் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். முதல் பறப்புக்கு முன் ஒரு மாணவி செஸ்னா 172 இன் இறக்கைக்குக் கீழே நின்று, ஒரு சிறிய ஒளிபுகும் குவளையை வால்வில் அழுத்தி எரிபொருளைப் பிடிப்பாள். அதை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பார்ப்பாள். பயிற்சி விமானப் பெற்றோல் மெல்லிய நீல நிறம். இரவில் தொட்டிக்குள் நீர் இறங்கியிருந்தால் அது நிறமற்ற குமிழாகக் குவளையின் அடியில் தனியே நிற்கும். இருந்தால் மறுபடி வடிப்பாள், சுத்தமாக வரும் வரை. நல்ல பள்ளியில் இதை எந்த மாணவரும் அவசரத்தில் தவறவிடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் பயிற்றுநரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பிறகு பராமரிப்புக் கொட்டகை. எஞ்சின் மூடி கழற்றி வைத்த விமானம் ஒன்று நின்றால் அது நல்ல அடையாளம், 100 மணி நேரப் பரிசோதனை நடக்கிறது என்று அர்த்தம். அதே விமானம் சில்லில் காற்றிறங்கி, கண்ணாடியில் தூசி படிந்து மாதக்கணக்கில் நின்றால், உதிரிப் பாகத்துக்குக் கட்டப் பள்ளியிடம் காசில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சந்தேகம் முக்கியம், ஏனென்றால் பறத்தல் பள்ளிகள் மூடப்படுவது அபூர்வமில்லை. அயர்லாந்தின் வோட்டர்ஃபோர்டில் இயங்கிய பைலட் ட்ரெய்னிங் கொலேஜ், தன் மாணவர்களைப் பறத்தல் பகுதிக்காக அமெரிக்காவில் புளோரிடாவுக்கு அனுப்பியது. 2012 நடுப்பகுதியில் அதன் நிதி நிலை குலைந்தது. புளோரிடாவில் பயிற்சி கொடுத்த நிறுவனம் தனக்குப் பணம் வரவில்லை என்று நிறுத்த, மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். கட்டணத்தை முன்கூட்டியே கட்டியவர்கள் அவர்கள். தங்கள் காசு பயிற்சி கொடுத்த நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஸ்கொட்லாந்தில் டண்டீ நகரின் டேசைட் ஏவியேஷன் அரை நூற்றாண்டுக்கும் மேலான பெயருள்ள பள்ளி. பிரிட்டிஷ் விமானப்படையின் இளம் பயிலுநர்கள்கூட அங்கே பறந்திருக்கிறார்கள். அதுவும் 2023 ஏப்ரலில் மூடியது. பெயர் பெற்ற பள்ளிக்கு முழுத் தொகையையும் கட்டினால் பயமில்லை என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் பதில் டண்டீ. பயிற்சி விமானம் விலை உயர்ந்தது, எரிபொருள் விலை நம் கையில் இல்லை, மாணவர் வரவு ஒரு வருடம் குறைந்தாலே கணக்கு சரியும். நாணயமானவர்கள் நடத்தும் பள்ளியும் மூடப்படலாம்.

ஆகவே ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டணம் என்பதில் விட்டுக்கொடுக்கக்கூடாது. தனியார் விமானி உரிமம் வரை ஒரு தொகை, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்கு ஒரு தொகை, வணிக உரிமத்துக்கு ஒரு தொகை. மாணவர் இடையில் விலகினால், பள்ளி இடையில் நின்றால், பறக்காத மணி நேரத்துக்கான காசு எத்தனை நாளில் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். முழுத் தொகையையும் முதலிலேயே கட்டினால் பத்து வீதம் கழிவு என்ற பேச்சு வரும். பத்து வீதத்துக்காகத் தொண்ணூறு வீதத்தை ஆபத்தில் வைக்கிறோம் என்பதை அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு வலுவான மறுப்பு நம் நாட்டின் அனுபவத்திலிருந்தே எழும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய்; மே மாதத்தில் சுமார் 360. பத்தாயிரம் டொலர் தவணை இருபது லட்சத்திலிருந்து முப்பத்தாறு லட்சமாக இரண்டு மாதத்தில் ஏறியது. பெப்ரவரியில் முழுவதையும் கட்டியவர் தப்பினார், தவணையில் கட்டியவர் தவித்தார் என்பது உண்மை. ஆனால் அவரைத் தப்பவைத்தது காசு டொலராக மாறியிருந்ததுதான். அது பள்ளியின் பெட்டியில் இருந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே டொலர் வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கிலோ, லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும் அண்ணனின் பொறுப்பிலோ இருந்திருந்தாலும் அதே பாதுகாப்பு கிடைத்திருக்கும், பள்ளி மூடினாலும் காசு மிஞ்சியிருக்கும். வெளிநாட்டு உறவுகள் பயிற்சிக்கு உதவ முன்வரும்போது, பள்ளிக்கு மொத்தமாக அனுப்பிவிடாமல் தங்களிடமே வைத்திருந்து கட்டம் கட்டமாகக் கட்டும்படி கேட்பது அவர்கள் கொடுக்கும் காசுக்குச் செய்யும் மரியாதை.

ஏஜென்சிக்காரர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்ற பதிலும் வரும். அவர்களில் நேர்மையானவர்கள் உண்டு. வீசா வேலையில் அவர்களுடைய உதவி பெரியது. ஆனால் பெரும்பாலும் அவருக்குக் காசு தருவது பள்ளி, மாணவர் சேர்ந்த அன்றே தருகிறது. மாணவர் பதினேழு மாதத்தில் முடித்தாரா, மூன்றரை வருடத்தில் முடித்தாரா என்பது அவர் வருமானத்தைத் தொடுவதில்லை. எத்தனை பள்ளிகளோடு அவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, எவ்வளவு தரகு என்று நேராகக் கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. குறுக்கு வழி காட்டும் எவரிடமிருந்தும் விலகி நிற்க வேண்டும் என்பதை மட்டும் சற்று அழுத்திச் சொல்கிறேன். 2011 இல் இந்தியாவில் ஒரு விமானம் கோவாவில் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதும்படி இறக்கப்பட்டதை விசாரிக்கப் போய், போலிப் பெறுபேற்றுத் தாள்களோடு உயர் உரிமம் எடுத்தவர்கள் பிடிபட்டார்கள். தொடர்ந்த விசாரணையில் ராஜஸ்தானின் அரசுப் பறத்தல் பள்ளியில் பறக்காத மணி நேரங்களைப் பறந்ததாக எழுதியிருந்ததும் வெளியே வந்தது. எழுதிக் கொடுத்த மணி நேரம் விமானியைக் காப்பாற்றாது, பின்னால் அமர்ந்திருக்கும் நூற்றெண்பது பேரையும் காப்பாற்றாது.

அப்படியானால் இரத்மலானையிலேயே படித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆம், பலருக்கு அதுவே சரியான விடையாக இருக்கும். நேரடியாக நம் நாட்டு உரிமம் வருகிறது, மாற்றும் தொல்லையில்லை, நோய்நொடியில் வீட்டார் ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறார்கள். மேலே சொன்ன விமானக் கணக்கையும் மாணவர் கணக்கையும் அங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விமான நிறுவனங்களே தேர்ந்தெடுத்துப் பயிற்றும் திட்டங்களுக்குக் காத்திருக்கலாம் என்பவர்களுக்கும் மறுப்பில்லை, ஆனால் அவை வருடா வருடம் திறப்பதில்லை. வயது போய்விடும் என்ற அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. வணிக உரிமத்துக்குக் குறைந்த வயது 18. இருபதில் தொடங்குபவருக்கும் இருபத்திரண்டில் தொடங்குபவருக்கும் முன்னால் நாற்பது வருட வேலைக்காலம் இருக்கிறது. மருத்துவச் சான்று, அதிகார சபையின் கடிதம், ஆங்கிலம், பள்ளிகளுக்கு எழுதிய கேள்விகளுக்கான பதில் என்று ஆறு மாதம் போனால் அது வீணான ஆறு மாதமில்லை.

அந்த ஆறு மாதத்துக்குள் இன்னொன்றும் செய்யலாம். இரத்மலானையில் ஐந்து அல்லது பத்து மணி நேரம் மட்டும் பயிற்றுநரோடு பறந்து பார்க்கலாம். முறையாகப் பதிவான அந்த மணிகளைப் பல நாடுகளின் வழக்கமான பயிற்சி முறைகள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஒரே மூச்சில் நடத்தும் ஒருங்கிணைந்த பாடநெறிகள் சில சேர்த்துக்கொள்ளாமலும் விடலாம், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் இழப்புச் சில லட்சம்தான். மூன்று கோடியை இறக்குவதற்கு முன், உச்சிவெயிலில் காற்று விமானத்தைத் தூக்கிப் போடும்போது தன் வயிறு என்ன சொல்கிறது, திருப்பத்தில் அடிவானம் சாயும்போது கை இறுகுகிறதா தளர்கிறதா, இறங்கிய பிறகு மறுபடி ஏற மனம் வருகிறதா என்பதைப் பிள்ளை தானே அறிந்துகொள்ளும். அன்று மாலை மட்டக்களப்புப் பஸ்ஸில் ஏறும்போது பையில் ஒரு பறப்புப் பதிவேடு இருக்கும். அதன் முதல் வரியில் தேதி, விமானத்தின் பதிவு எண், 0.9 மணி நேரம், பக்கத்தில் பயிற்றுநரின் கையொப்பம்.